இரவுப் பயிற்சியும் பயிற்றுநரின் மூன்று தரையிறக்கங்களும்

அமெரிக்காவில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் பணிபுரியும் பயிற்றுநர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். கடந்த இரண்டு மாதங்களில் அவர் மாணவர்களுடன் இருபது மணி நேரத்துக்கும் மேல் இரவில் பறந்திருக்கிறார். அந்தப் பறத்தல்களில் நடந்த தரையிறக்கங்கள் மட்டும் அறுபதைத் தாண்டும். ஒரு சனிக்கிழமை இரவு, அதே செஸ்னா 172 விமானத்தில் தம் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு, நகரத்தின் விளக்குகளை மேலிருந்து காட்டிவர அவர் விரும்புகிறார். தம் பறத்தல்களைப் பதிவுசெய்யும் லாக்புக்கைத் திறந்து பார்த்தால், சட்டம் அதற்கு இடம் தரவில்லை என்பது தெரிகிறது.

காரணம் எளியது. அந்த அறுபது தரையிறக்கங்களையும் செய்தவர்கள் மாணவர்கள். பயிற்றுநர் வலப்பக்க இருக்கையில் அமர்ந்து, வேகத்தைக் கவனித்து, தேவையான இடத்தில் ஒரு சொல் சொல்லி, கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நல்ல பயிற்றுநர் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் சட்டம் எண்ணுவது, ஒருவர் தாமே விமானத்தைக் கையாண்டு இறக்கிய தரையிறக்கங்களைத்தான். பிறருக்கு இரவுத் தரையிறக்கத்தைக் கற்றுத்தரும் ஒருவர், அந்தத் தொழிலின் காரணமாகவே தம் கையால் இறக்கும் வாய்ப்பை இழக்கிறார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் 61ஆம் பகுதி, விமானிகளுக்கும் பயிற்றுநர்களுக்கும் வழங்கப்படும் சான்றிதழ்களைப் பற்றியது. அதில் 61.57 என்னும் பிரிவு 'அண்மை அனுபவம்' என்பதைப் பேசுகிறது. விமானிகள் பேச்சுவழக்கில் 'நான் கரன்டாக இருக்கிறேன்', 'நைட் கரன்சி போய்விட்டது' என்று சொல்வது இதைக் குறித்தே. விமானிச் சான்றிதழ் ஒருவருக்கு ஒரு செயலைச் செய்யும் தகுதி உண்டு என்று சொல்கிறது. அண்மை அனுபவ விதியோ, அந்தச் செயலை அவர் சமீபத்தில் செய்திருக்கிறாரா என்று கேட்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அண்மை அனுபவம் இல்லாமல் போனால் சான்றிதழ் பறிபோவதில்லை. அது திரும்பும் வரை ஒரு குறிப்பிட்ட செயலுக்கு மட்டும் தடை உண்டு.

இரவைப் பொறுத்தவரை அந்தத் தடை இப்படி அமைகிறது. சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழிந்ததிலிருந்து, சூரியன் உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை, பயணிகளை ஏற்றிக்கொண்டு பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்துக்குப் பொறுப்பேற்ற விமானியாகப் பறக்க விரும்புகிறவர், முந்தைய 90 நாட்களுக்குள் அதே இரவு நேரத்தில் குறைந்தது மூன்று முறை மேலெழும்பி, மூன்று முறை முழுமையாக நிற்கும்படி தரையிறங்கியிருக்க வேண்டும். அவற்றைச் செய்தபோது கட்டுப்பாட்டுக் கருவிகளை அவர் ஒருவர் மட்டுமே கையாண்டிருக்க வேண்டும். விமானமும் அதே வகையையும் அதே பிரிவையும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இரட்டை எஞ்சின் விமானத்தில் செய்த மூன்று தரையிறக்கங்கள் ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு உதவா.

இந்த விதியின் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. 'முழுமையாக நிற்கும்படி' என்பதால், சக்கரம் தொட்டவுடன் மீண்டும் விசையைக் கூட்டி மேலெழும்பும் டச் அண்ட் கோ இங்கே கணக்கில் வராது. பகலில், மூக்குச் சக்கரம் உள்ள சாதாரண விமானத்தில் அது கணக்கில் வரும் என்பதால், புதியவர்கள் இந்த இடத்தில் அடிக்கடி தவறுகிறார்கள். 'ஒருவர் மட்டுமே கையாண்டிருக்க வேண்டும்' என்பதால், மாணவர் இறக்கிக்கொண்டிருக்கையில் பயிற்றுநர் கடைசி நொடியில் கட்டுப்பாட்டைச் சற்றே பிடித்து இழுத்திருந்தால், அந்தத் தரையிறக்கத்தை இருவரில் எவரும் தம் அண்மை அனுபவக் கணக்கில் நேர்மையாக எழுதிக்கொள்ள முடியாது. 'பயணிகளை ஏற்றிக்கொண்டு' என்பதால், தனியாகப் பறப்பவருக்கு இந்தத் தடை இல்லை. தடைப்பட்டவர் அனுபவத்தைத் திரும்பப் பெறும் கதவும் அதுவே.

'இரவு' என்ற சொல்லுக்கு வருவோம். புதிய மாணவர்களை மிகவும் திணறடிப்பது இதுதான். ஏனெனில் அமெரிக்க விதிகளில் இரவு மூன்று வெவ்வேறு நேரங்களில் தொடங்குகிறது. சூரியன் மாலை 6.00 மணிக்கு மறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியிலிருந்து விமானத்தின் நிலைவிளக்குகள் எரிய வேண்டும். அடுத்து, சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்போது சிவில் அந்தி முடிகிறது. நடு அட்சரேகைகளில் அதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் பிடிக்கும். விமானிகளுக்கான பஞ்சாங்கமான ஏர் அல்மனாக் வெளியிடும் இந்த நேரத்திலிருந்துதான் லாக்புக்கில் 'இரவுப் பறத்தல்' என்று மணிக்கணக்கை எழுதலாம். மூன்றாவதாக, 7.00 மணிக்குத்தான் அண்மை அனுபவத்துக்கான இரவு தொடங்குகிறது. ஆகவே 6.40க்கு நிகழ்ந்த தரையிறக்கம் லாக்புக்கின் இரவு நேரப் பத்தியில் இடம்பெறலாம். ஆனால் மூன்று தரையிறக்கங்களில் ஒன்றாக அதைக் கொள்ள முடியாது.

இந்த வேறுபாட்டை அதன் எல்லையில் வைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரை நினைத்துப் பார்க்கலாம். கோடையின் உச்ச நாளில் அங்கே பகல் 21 மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. சூரியன் மறைந்தும் 6 பாகை ஆழத்துக்கு இறங்குவதில்லை. சிவில் அந்தி முடியாததால், அந்த அளவுகோலின்படி அங்கே இரவே இல்லை. ஆனால் மறைவுக்கும் உதயத்துக்கும் இடையே இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டிய இடைவெளி இருப்பதால், முன்னால் ஒரு மணியையும் பின்னால் ஒரு மணியையும் கழித்தால், வானம் வெளிச்சமாகவே இருக்கும் சில நிமிடங்கள் 61.57 பிரிவின் கணக்கில் இரவாக மிஞ்சும். விதி கடிகாரத்தைப் பார்க்கிறது, இருட்டைப் பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது பயிற்றுநருக்கே உரிய கேள்வி. மாணவர் 'பயணி' ஆவாரா? ஆவார் என்றால், அண்மை அனுபவம் தீர்ந்துபோன பயிற்றுநரால் இரவில் வகுப்பே எடுக்க முடியாது. இதற்கு விடையாக, அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.யின் தலைமைச் சட்ட ஆலோசகர் அலுவலகம் 2006இல் ஒரு விளக்கக் கடிதம் எழுதியது. அதன் சாரம் இது: பயிற்சி நடக்கும் பறத்தலில், இந்த இரவு விதியைப் பொறுத்தவரை, பயிற்றுநருக்கு மாணவர் பயணி அல்லர், மாணவருக்குப் பயிற்றுநரும் பயணி அல்லர். பயிற்றுநரின் சான்றிதழ் செல்லுபடியாகவும் அந்த விமானத்துக்குரிய தகுதிகள் அவரிடம் உள்ளனவாகவும் இருந்தால், அவர் 90 நாட்களாக இரவில் ஒரு தரையிறக்கமும் செய்யாதிருந்தாலும், மாணவருடன் மட்டும் புறப்பட்டு இரவுப் பயிற்சி தரலாம்.

தனியார் விமானி உரிமத்துக்குப் படிக்கும் மாணவருக்கு இரவில் குறைந்தது 3 மணி நேரப் பயிற்சி தேவை. அதற்குள் மொத்தத் தொலைவு 100 கடல் மைல்களைத் தாண்டும் ஒரு நெடும்பயணமும், முழுமையாக நிற்கும்படி 10 தரையிறக்கங்களும் அடங்க வேண்டும். மாணவருக்கு இத்தனை கேட்கும் சட்டம், பக்கத்தில் அமர்பவரிடம் ஒன்றுகூடக் கேட்பதில்லை. மாணவர் இரவில் தனியாகப் பறக்க வேண்டுமானாலும், முந்தைய 90 நாட்களுக்குள் அதற்கான பயிற்சியைத் தந்த பயிற்றுநர் குறிப்பிட்ட விமான மாதிரிக்கென லாக்புக்கில் ஒப்புதல் எழுதித்தர வேண்டும். அந்த ஒப்புதலில் கையெழுத்திடுபவரின் சொந்த இரவுத் தரையிறக்கங்கள் எத்தனை நாள் பழையவை என்று எவரும் கேட்பதில்லை.

சலுகையின் எல்லை பின்னிருக்கையில் தொடங்குகிறது. செஸ்னா 172 நான்கு பேருக்கான விமானம். வகுப்பைப் பார்த்துக் கற்கட்டும் என்று இன்னொரு மாணவரையோ, மகன் பறப்பதைப் பார்க்க ஆசைப்படும் தந்தையையோ பின்னால் ஏற்றிக்கொள்வது பள்ளிகளில் அரிதன்று. 2006 விளக்கம் பேசுவது பயிற்றுநரையும் பயிற்சி பெறுபவரையும் மட்டுமே. பின்னால் அமர்ந்தவரைப் பயணியாகக் கொள்வதே பாதுகாப்பான வாசிப்பு. அப்போது பைலட் இன் கமாண்ட் யாரோ அவருக்கு இரவு அண்மை அனுபவம் வேண்டும். உரிமம் பெறாத மாணவர் பயணிகளை ஏற்றிச் செல்ல முடியாது; ஆகவே அத்தகைய பறத்தலில் அந்தப் பொறுப்பு பயிற்றுநருடையதே. மாணவர் ஏற்கெனவே உரிமம் பெற்று மேல்தகுதிக்குப் பயில்பவராகவும், இரவு அனுபவம் நிறைந்தவராகவும் இருந்தால், அவரே பொறுப்பேற்றுப் பறக்கலாம். ஆனால் அதை எஞ்சினை இயக்குவதற்கு முன்பே இருவரும் வாய்விட்டுப் பேசி முடிவு செய்திருக்க வேண்டும். பறந்து முடித்தபின் லாக்புக்கை நிரப்பும்போது முடிவு செய்வது முடிவே அன்று.

சட்டம் அனுமதிக்கிறது என்பதால் அது போதும் என்று நான் கருதவில்லை. அதற்கான காரணம் நம் கண்ணிலும், தரையிறக்கத்தின் கடைசி முப்பது அடியிலும் இருக்கிறது. மனிதக் கண்ணின் நடுப்பகுதியில் நிறத்தையும் நுணுக்கத்தையும் காணும் கூம்புச் செல்களும், ஓரங்களில் மங்கிய ஒளியில் வேலை செய்யும் கோல் செல்களும் உள்ளன. இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக ஏறக்குறைய 30 நிமிடங்கள் பிடிக்கும். ஒரு கைபேசியின் வெளிச்சம் அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். இருளில் ஒரு பொருளை நேராகப் பார்த்தால் அது மறைந்துபோகும், சற்றே ஓரமாகப் பார்த்தால் தெரியும். இவை எல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை. ஆனால் ஓடுபாதையின் மேல் எந்த உயரத்தில் மூக்கைத் தூக்க வேண்டும் என்பது படித்து வருவதன்று. பகலில் புல்லின் நெருக்கமும் ஓடுபாதையின் பரப்பும் ஓரப்பார்வையில் விரைந்து நகரும் தரையும் உயரத்தைச் சொல்லிவிடுகின்றன. இரவில் இரு வரிசை விளக்குகளும், தரையிறங்கு விளக்கு காட்டும் சிறு துண்டுத் தரையும் மட்டுமே மிஞ்சுகின்றன. பழக்கமில்லாதவர்கள் வேகத்தை மிகுதியாக வைத்துக்கொண்டு வருவார்கள். அல்லது தரை அருகில் இருப்பதாக எண்ணி உயரத்திலேயே மூக்கைத் தூக்கிவிடுவார்கள், விமானம் அங்கிருந்து வேகமிழந்து விழும். ஓடுபாதையில் படிந்த டயர்த் தடங்கள் விளக்கொளியில் தெளிவாகத் தெரியும் கணத்தில் மூக்கைத் தூக்கத் தொடங்கு என்று சொல்லித்தருவது இதனால்தான்.

ஓடுபாதைக்கு முன்னால் ஏரியோ பாலைவனமோ இருந்து, அங்கே ஒரு விளக்கும் இல்லாவிட்டால் இன்னொரு மயக்கம் சேர்ந்துகொள்கிறது. விமானிகள் அதைக் 'கருந்துளை அணுகுமுறை' என்கிறார்கள். தொலைவில் ஓடுபாதை விளக்குகள் மட்டும் தெரிய, இடையில் எதுவும் தெரியாதபோது, விமானி தாம் உண்மையில் இருப்பதைவிட உயரத்தில் இருப்பதாக நம்பி, தாழ்ந்து தாழ்ந்து வருகிறார். ஓடுபாதையின் ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாகச் சரியான சரிவைக் காட்டும் பாப்பி விளக்குகள் இருந்தால் காப்பாற்றும். சிறிய நிலையங்கள் பலவற்றில் அவை இருப்பதில்லை. மாணவர் இந்த மயக்கத்தில் சிக்கும்போது அதை உணர்ந்து திருத்த வேண்டியவர் பயிற்றுநர். அவருடைய கண்ணும் அதே மயக்கத்துக்கு உட்பட்டதே.

இங்கேதான் பயிற்றுநரின் நிலை மற்ற விமானிகளின் நிலையைவிடக் கடினமாகிறது. தாமே இறக்கும் விமானி, தம் கை செய்யப்போவதை முன்கூட்டியே அறிவார். பயிற்றுநர் மாணவரின் கை செய்யப்போவதை ஊகிக்க வேண்டும். தவறு நடக்கும்வரை இடம் கொடுக்கவும் வேண்டும், தவறு விபத்தாகும் முன் கையில் எடுக்கவும் வேண்டும். அதற்குக் கிடைப்பது ஓரிரு நொடிகள். விளக்குப் பழுதானால் என்ன செய்வது என்பதைக் கற்பிக்க, தரையிறங்கு விளக்கை அணைத்துவிட்டு இறக்கச் செய்வதும் இரவுப் பயிற்சியின் ஒரு பகுதி. அந்த இருளில் சற்று முன்வரை மடியில் இருந்த கை, நூறு நாட்களாக இரவில் ஒரு தரையிறக்கமும் செய்யாத கையாக இருப்பதை நான் ஏற்க மாட்டேன். பயணி மகளாக இருந்தால் மூன்று தரையிறக்கங்கள் வேண்டும், மாணவியாக இருந்தால் வேண்டா என்பது சட்டத்தின் தர்க்கத்தில் சரியாக இருக்கலாம். இறங்கும் விமானத்தின் தர்க்கத்தில் அது சரியன்று.

ஐரோப்பிய விதிகள் இந்த இடத்தில் வேறு முடிவுக்கு வந்திருக்கின்றன. அங்கே பயணிகளுடன் இரவில் பறக்க, முந்தைய 90 நாட்களில் தாமே விமானத்தைக் கையாண்டு செய்த ஒரே ஒரு இரவுப் புறப்பாடும் அணுகுமுறையும் தரையிறக்கமும் போதும். கருவிவழிப் பறத்தல் தகுதி, அதாவது வெளியே பாராமல் கருவிகளைக் கொண்டே பறக்கும் தகுதி, உள்ளவருக்கு அதுவும் தேவையில்லை. எண்ணிக்கையில் அமெரிக்காவைவிட இளகிய விதி. ஆனால் இரவுத் தகுதிக்குப் பயிற்சி தரும் பயிற்றுநர், இரவில் கற்பிக்கும் திறனை இன்னொரு தகுதிபெற்ற பயிற்றுநரிடம் மெய்ப்பித்திருக்க வேண்டும் என்பதோடு, மேற்சொன்ன இரவு அனுபவ நிபந்தனையையும் நிறைவு செய்ய வேண்டும் என்று அங்கே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். கேட்பது குறைவு, ஆனால் பயிற்றுநரிடமும் கேட்கிறார்கள். இரண்டில் எனக்கு ஏற்புடையது ஐரோப்பிய அணுகுமுறையே.

இதோடு இன்னொரு குழப்பத்தையும் நீக்கிவிடலாம். அமெரிக்காவில் 2024 டிசம்பர் 1 முதல் பயிற்றுநர் சான்றிதழ்களில் காலாவதித் தேதி அச்சிடப்படுவதில்லை; அதற்குப் பதிலாக ஒவ்வொரு 24 நாட்காட்டி மாதங்களிலும் பயிற்றுநர் தம் அண்மை அனுபவத்தை நிலைநாட்ட வேண்டும். அதுவும் 'அண்மை அனுபவம்' என்றே அழைக்கப்பட்டாலும், அது கற்பிக்கும் உரிமையைப் பற்றியது. மூன்று இரவுத் தரையிறக்கங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

90 நாள் கணக்கு எப்படி ஓடுகிறது? பறக்க விரும்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அக்டோபர் 10ஆம் தேதி இரவு மூன்று தரையிறக்கங்களையும் ஒருவர் செய்திருந்தால், 90ஆம் நாள் ஜனவரி 8. ஆனால் அக்டோபர் 10 அன்று ஒன்றும், நவம்பர் 5 அன்று இரண்டும் செய்தவருக்கும் கெடு அதே ஜனவரி 8தான். முதல் தரையிறக்கம் எல்லைக்கு வெளியே நழுவியவுடன் அவரிடம் இரண்டே மிஞ்சும். புதியவர்கள் கடைசித் தரையிறக்கத்திலிருந்து எண்ணி ஏமாறுகிறார்கள். பின்னிருந்து எண்ணி மூன்றாவதாக வரும் தரையிறக்கத்தின் தேதியே கெடுவைத் தீர்மானிக்கிறது.

பயிற்றுநர்களுக்கு இந்தக் கெடு கைநழுவுவது பெரும்பாலும் கோடையில். சூரியன் இரவு 8.30க்கு மறையும் ஊரில் அண்மை அனுபவ இரவு 9.30க்குத்தான் தொடங்குகிறது. காலை 6.00 மணிக்கு முதல் வகுப்பை வைத்திருக்கும் பயிற்றுநர் அதுவரை விழித்திருக்க விரும்பமாட்டார். விரும்பினாலும் 24 மணி நேரத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் பறத்தல் பயிற்சி தரக் கூடாது என்ற வரம்பு அவருக்கு உண்டு. மே மாத இறுதியில் செய்த தரையிறக்கங்கள் ஆகஸ்ட் இறுதியில் காலாவதியாகின்றன. இலையுதிர்காலத்தில் பொழுது சுருங்கி, மாணவர்கள் இரவு வகுப்புக்கு வரிசையில் நிற்கத் தொடங்கும்போது, பயிற்றுநரின் கை மிகவும் துருப்பிடித்திருக்கும்.

இழந்த அனுபவத்தைத் திரும்பப் பெறுவது கடினமன்று. தனியாகச் சென்று ஓடுபாதையைச் சுற்றி மூன்று முறை இறங்கி நின்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதைவிட நல்லது, இன்னொரு பயிற்றுநரை உடன் அழைத்துச்சென்று அவரிடம் பயிற்சியாகவே பெறுவது. அப்போது இருவரில் எவரும் மற்றவருக்குப் பயணியாக மாட்டார்கள், வலப்பக்க இருக்கையிலிருந்து இறக்கும் பழக்கத்தையும் ஒருவர் பார்த்துத் திருத்தலாம். பெரிய பயிற்சி மையங்களில் உள்ள முழுப் பறத்தல் சிமுலேட்டர்களிலும் இந்த விதியை நிறைவு செய்ய வழியுண்டு. சாதாரணப் பள்ளியின் மேசைச் சிமுலேட்டர் அதற்கு ஆகாது.

மாணவரின் வகுப்பிலேயே பயிற்றுநர் தம் மூன்று தரையிறக்கங்களை முடித்துக்கொள்ளலாமா என்றும் கேட்பார்கள். முதல் இரவு வகுப்பின் தொடக்கத்தில் ஒரு தரையிறக்கத்தைத் தாம் செய்துகாட்டுவது முறையான கற்பித்தலே. மாணவர் அப்போதுதான் முதன்முதலாக அந்தக் காட்சியைக் காண்கிறார், அந்த ஒன்று பயிற்றுநரின் கணக்கிலும் சேரும். மூன்று மாணவர்களிடம் மூன்று முதல் வகுப்புகள் என்றால் மூன்றும் இயல்பாக நிறைந்துவிடும். ஆனால் ஒரே மாணவரின் ஒரே வகுப்பில் மூன்றையும் தம் கையால் இறக்குவது, விமான வாடகையையும் பயிற்சிக் கட்டணத்தையும் மாணவரிடம் வாங்கிக்கொண்டு அவருடைய பணத்தில் தம் கணக்கை நிரப்புவதாகும். அதைச் செய்யக் கூடாது. பள்ளிகள் பருவத்துக்கு ஒருமுறை பயிற்றுநர்களுக்கென்று ஓர் இரவை ஒதுக்கி, விமானத்தைக் குறைந்த வாடகைக்கோ வாடகையின்றியோ தந்தால், செப்டம்பர் முதல் வாரமே அதற்கு ஏற்ற காலம்: சூரியன் அப்போதைக்குச் சற்று முன்னதாக மறையத் தொடங்கியிருக்கும், மாணவர்களின் இரவு வகுப்புகள் பெருகுவதற்கும் சில வாரங்கள் இருக்கும்.

லாக்புக்கில் இதற்கென ஒரு சிறு பழக்கம் வைத்துக்கொள்வது உதவும். இரவுத் தரையிறக்கப் பத்தியில் மாணவர் இறக்கியவற்றை எழுதாமல், தாமே இறக்கி முழுமையாக நின்றவற்றை மட்டும் எழுதி, பக்கத்தில் நேரத்தையும் அன்றைய சூரிய மறைவு நேரத்தையும் குறித்துவைத்தால், அந்தச் சனிக்கிழமை இரவு மனைவியும் மகளும் விமானத்தின் அருகே காத்திருக்கும்போது ஒரே பார்வையில் விடை கிடைத்துவிடும்.